நூற்பட்டியலும் நாடுவோரும்

முன்னுரை

நூலகம் என்பது நூல்களின் தொகுதி மட்டுமன்று. அத்தொகுதிக்குள் புகுவதற்குரிய வழியும் உடன் அமைந்ததே நூலகமாம். நூல்கள் பத்து நூறாயிரம் குவிந்து கிடப்பினும், வேண்டியதொன்றை வேண்டிய பொழுதில் எடுக்க இயலாதவர்க்கு அவை இல்லாதனவே. அவ்வழியாக அமைந்தது நூற்பட்டியல். கையெழுத்துப் பேரேடாகவும், அச்சிட்ட தொகுதியாகவும், இழுப்பறைகளில் அடுக்கிய அட்டைகளாகவும், கணினித் திரையாகவும், இறுதியிற் பல்கலைக்கழக நூலகத்தின் வலைத்தளமாகவும் அது வடிவு மாறி வந்துள்ளது. வடிவு மாறினும் மாறாத வினா ஒன்றுண்டு. நூலை நாடி வந்தவர் அதனைக் காணாது திரும்பின் பிழை யாருடையது? தேடத் தெரியாத அவருடையதா? தேடுதற்கு அரியதாகப் பட்டியலை அமைத்தவருடையதா?

இவ்வினாவிற்கு நூலகத் துறையார் காலந்தோறும் இறுத்த விடைகளை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்வரலாற்றை மூன்று காலமாகப் பகுத்துக் காணலாம். நாடுவோரை மனத்தாற் கருதிய காலம் ஒன்று. அவரை வினவிக் கேட்ட காலம் ஒன்று. அவர் தேடுங்கால் அருகிருந்து கண்ட காலம் ஒன்று. பிந்தியது வந்ததும் முந்தியது மறைந்துவிடவில்லை. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன. இக்காலத்துப் ‘பயனர் ஆய்வு’ எனவும் ‘பயன்பாட்டுச் சோதனை’ எனவும் வழங்குவன மூன்றாம் காலத்தின் விளைவுகளாம்.

தமிழாராய்ச்சி இதழில் இப்பொருள் இடம்பெறுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். இச்சிக்கலின் ஆணிவேர் சொல்லிலே உள்ளது. அன்றியும் தமிழ்நூல் நாடுவோரை இது தனிவகையில் வருத்துகின்றது. ஆதலின் பொருந்தும் என்க.

1. கருதிய காலம்

பட்டியல் பற்றிய பெரும்பூசல் முதன்முதற் பொதுமன்றத்துக்கு வந்தது பிரித்தானியப் பொருட்காட்சிசாலையின் நூலகத்திலேயாம். இத்தாலியிலிருந்து அரசியற் காரணத்தால் வெளியேறி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த அந்தோணி பனிசி 1837இல் அந்நூலகத்தின் அச்சுநூற் காப்பாளர் ஆனார். அவர்தம் மேற்பார்வையில் அமைந்த தொண்ணூற்றொரு விதிகள் 1841இல் வெளிவந்தன. அவ்விதிகளைப் பின்பற்றி ‘ஏ’ என்னும் முதலெழுத்துக்குரிய தொகுதி ஒன்று அச்சேறியது. பின்னர் அச்சுப்பணி நின்றது. முற்றுப்பெறாத பட்டியலை அச்சிடுதல் பிழைக்கே இடமாகும் என்பது பனிசியின் கொள்கை.

இதனைப் பொறாதார் பலர். 1847 முதல் 1849 வரை அமர்ந்த அரச ஆணைக்குழுவின் முன் அவர்கள் முறையிட்டனர். வரலாற்றறிஞர் தாமஸ் கார்லைல் சான்று கூறுங்கால், பட்டியலில்லா நூலகம் இருந்த ஒரு கண்ணையும் இழந்த அரக்கனைப் போன்றது என்னும் கருத்துப்பட மொழிந்தார். குறையுடையதாயினும் ஒரு பட்டியல் கையிலிருத்தல் வேண்டும் என்பது அவர் துணிபு. பனிசியோ, நாடுவோர் ஒரு நூலை மட்டும் நாடுவதில்லை. அந்நூலின் குறித்ததொரு பதிப்பை நாடுகின்றனர். ஆதலின் பட்டியல் நுணுக்கமும் திட்பமும் உடையதாதல் வேண்டும் என்றார். வறிய மாணவனுக்கும் நாட்டின் பெருஞ்செல்வனுக்கு நிகரான கல்வி வாய்ப்பை நூலகம் அளித்தல் வேண்டும் என்பதை அவர் 1836இலேயே நாடாளுமன்றக் குழுவின்முன் வலியுறுத்தியவர் ஆவர். ஆகவே அவரை நாடுவோர்க்குப் பகைவர் எனல் தகாது.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று. இருதிறத்தாரும் நாடுவோரின் பெயராலேயே வழக்காடினர். ஆயினும், நாடுவோர் பட்டியலின்முன் நின்று யாது செய்கின்றனர் என்பதை முறையாக நோக்கியறிதல் இருவர் வாதத்திற்கும் அடிப்படை ஆகவில்லை. கார்லைல் தம்மையே படிப்போர் அனைவர்க்கும் அளவாகக் கொண்டார். பனிசி தம் மனத்தகத்து உருவாகிய புலமைமிக்க படிப்பாளியைக் கொண்டார். நாடுவோர் கருதப்பட்டனரேயன்றிக் காணப்பட்டிலர்.

அமெரிக்க நாட்டில் பாஸ்டன் அத்தினியம் நூலகத்தின் தலைவராயிருந்த சார்லஸ் அம்மி கட்டர் 1876இல் அகராதிமுறைப் பட்டியலுக்கான விதிகளை வெளியிட்டார். ஆசிரியர், தலைப்பு, பொருள் என்னும் மூன்றனுள் ஒன்றை அறிந்தவரும் தமக்கு வேண்டிய நூலை அடையுமாறு செய்வதே பட்டியலின் பயன் என அவர் வரையறுத்தார். அவர் மறைந்த பின் 1904இல் வந்த நான்காம் பதிப்பில், பட்டியல் செய்வோரின் எளிமையினும் மக்களின் வசதியே முற்பட வைக்கத்தக்கது என்றும், மக்களிடம் வேரூன்றிய வழக்கத்துக்காக ஒழுங்குமுறையையும் ஓரளவு விட்டுக்கொடுக்கலாம் என்றும் கூறப்பட்டுள்ளது. இது பெரியதொரு திருப்பம். எனினும் மக்களின் வழக்கம் இன்னது என அறிவது எங்ஙனம்? அதற்குக் கட்டர் துணைக்கொண்டது நெடுநாட் பட்டறிவையே, ஆய்வையன்று.

கருதிய காலத்தின் எல்லையில் நின்று அடுத்த காலத்தைச் சுட்டியவர் நம் நாட்டினர். சீர்காழியிற் பிறந்து, கணக்காசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தின் தலைவரான சீ. இரா. அரங்கநாதன் அவர்களே அவர். 1928இல் சிதம்பரத்தில் நடைபெற்ற மாகாணக் கல்வி மாநாட்டில் அவர் விரித்துரைத்த நூலகவியலின் ஐந்து விதிகள் 1931இல் நூலாக வெளிவந்தன. அவற்றுள் நான்காவது, படிப்போரின் காலத்தைக் காத்தல் வேண்டும் என்பது. இவ்விதியை விளக்கப் புகுந்த அரங்கநாதன் புதியதொரு வழியைக் காட்டினார். படிப்பவர் ஒருவர் நூலகத்துட் காலடி வைத்தது முதல் வெளியேறும் வரை அவரைப் பின்தொடர்ந்து, அவர் கடக்கும் ஒவ்வொரு படியிலும் காலம் எங்ஙனம் வீணாகின்றது, அதனை எங்ஙனம் குறைக்கலாம் எனத் துருவி நோக்குக என்பதே அவ்வழி.

வலைத்தளம் அமைப்போர் ‘பயனரின் பயணம்’ எனப் பெயரிட்டு இக்காலத்து வரைந்து காட்டுவது இதனையே. கணினியும் இணையமும் தோன்றாத நாளிற் சென்னைக் கடற்கரையை அடுத்ததொரு நூலகத்தில் இக்கருத்து முகிழ்த்தது என்பது தமிழர் நினைவிற் கொள்ளற்பாலது. எனினும் மிகைபடக் கூறுதல் ஆராய்ச்சிக்கு அழகன்று. அரங்கநாதன் தந்தது நோக்கும் நெறியை; அந்நெறியைச் சோதனை முறையாக வளர்த்தவர் பிறர்.

2. கேட்ட காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் நூற்றொகை பன்மடங்கு பெருகியது. அட்டைப் பட்டியல்களும் பெருகி, கூடங்களை நிறைத்தன. அவை பயன்படுமாற்றை அறியும் வேட்கை எழுந்தது. அமெரிக்க நூலகச் சங்கம் பல நூலகங்களிற் படிப்போரை நேர்கண்டு வினவி, 1958இல் பட்டியற் பயன்பாடு பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டது.

இவ்வகை ஆய்வுகளுட் சிறந்தது யேல் பல்கலைக்கழகத்தில் பென்-அமி லிப்பெட்ஸ் நிகழ்த்தியதாகும். அதன் அறிக்கை 1970இல் வெளிவந்தது. பட்டியலை அணுகுவோரைத் தேடத் தொடங்குமுன்னரே தடுத்து, நீவிர் நாடுவது யாது என வினவியமை இவ்வாய்வின் சிறப்பு. தேடி முடித்தபின் வினவினால், கிடைத்ததையே நாடியதாகக் கூறிவிடல் மாந்தர் இயல்பன்றோ? இவ்வாறு வினவியதில், ஏறத்தாழ 73 விழுக்காட்டினர் முன்னரே அறிந்ததொரு நூலைத் தேடியே வந்தனர் என்பதும், பொருள் பற்றித் தேடி வந்தவர் 16 விழுக்காட்டினரே என்பதும் புலனாயின.

இம்முடிவைக் கொண்டு, நாடுவோர் பொருள்வழித் தேடலைப் பெரிதும் விரும்புவதில்லை எனக் கருத இடமுண்டு. ஆயின் அக்கருத்துப் பத்தாண்டுகளுக்குப் பின் வீழ்ந்தது. 1980ஐ ஒட்டிப் பெரிய நூலகங்களிற் கணினிப் பட்டியல்கள் தோன்றின. நூலக வளங்களுக்கான மன்றத்தின் ஆதரவில் அமெரிக்க நூலகங்கள் பலவற்றில் ஏறத்தாழ 8,000 பயனர்களிடம் வினாத்தாள் வழங்கி நிகழ்ந்த ஆய்வின் முடிவுகள் 1983இல் நூலாயின. கணினிப் பட்டியலில் நிகழும் தேடல்களிற் பாதிக்கு மேற்பட்டவை பொருள் பற்றியனவே என அவ்வாய்வு காட்டியது.

இதனாற் பெறப்படுவது யாது? அட்டைப் பட்டியலின்முன் நின்றோர் பொருள்வழித் தேடாமைக்கு அவர்தம் விருப்பமின்மை மட்டும் காரணமன்று. அட்டைப் பட்டியல் அத்தேடலுக்கு எளிதில் இடந்தராமையும் காரணமாதல் கூடும். கருவியின் குறையை மாந்தரின் இயல்பாகப் பிறழவுணர்தல் ஆராய்ச்சியாளர் அஞ்சத்தக்க பிழையாம்.

கணினி மற்றொரு வாயிலையும் திறந்தது. தேடுவோர் தட்டிய சொற்கள் யாவும் அதன் நினைவகத்துப் பதிவாயின. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ‘மெல்வில்’ பட்டியலின் ஆறாண்டுப் பதிவுகளை ஆராய்ந்த ரே லார்சன் 1991இல் ஓருண்மையை வெளியிட்டார். பொருள்வழித் தேடல் ஆண்டுதோறும் குறைந்து வந்தது. அதனிடத்தைத் தலைப்பிலுள்ள சொற்களைக் கொண்டு தேடும் முறை கைக்கொண்டது. பட்டியலார் வகுத்த பொருட்சொல் அகப்படாதபோது ஒன்றும் கிடைப்பதில்லை. அகப்பட்டபோதோ அளவிறந்து கிடைக்கின்றது. இரண்டும் நாடுவோரைச் சோர்விப்பனவே.

கிறிஸ்டைன் போர்க்மன் 1986இல் எழுதியதொரு கட்டுரையில் கணினிப் பட்டியல்கள் கையாளுதற்கு அரியனவாயிருப்பது ஏன் என வினவினார். பத்தாண்டு கழித்து 1996இல், இன்னும் அரியனவாயிருப்பது ஏன் என மீண்டும் வினவினார். மாந்தர் தேடும் இயல்பு பற்றிய அறிவு பட்டியலின் அமைப்பிற் போதிய அளவு இடம்பெறாமையே காரணம் என்பது அவர்தம் முடிபு. கேட்டறிந்த செய்திகள் பலவாயினும் அவை கருவியை மாற்றிலவென்பது இதனால் விளங்கும்.

3. கண்ட காலம்

1990களின் நடுவில் பல்கலைக்கழக நூலகங்கள் வலைத்தளங்களை அமைக்கத் தொடங்கின. அட்டைப் பட்டியலருகே நூலகர் ஒருவர் இருந்தார். திகைத்து நிற்போரின் முகக்குறிப்பறிந்து உதவினார். வலைத்தளத்தை நாடுவோர் தம் அறையில் நள்ளிரவில் தனித்திருப்பர். அவர் திகைப்பதைக் காண்பார் இலர். அவர் விட்டு நீங்குவதும் எவர்க்கும் தெரிவதில்லை. ஆதலின் அவரைக் காணுதற்கென ஒரு முறையை வருந்தியே ஆக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அம்முறை நூலகத் துறையிற் பிறந்ததன்று. எண்ணுவதை வாய்விட்டுக் கூறச்செய்து அதனைச் சான்றாகக் கொள்ளும் முறையை உளவியலார் எரிக்சனும் சைமனும் 1984இல் நூலாக விரித்தனர். கணினி நிறுவனத்தார் அதற்குச் சற்று முன்னரே இதனைக் கையாளத் தொடங்கியிருந்தனர். நூலகங்களுள் இம்முறையைக் கைக்கொண்டு முடிவுகளை வெளியிட்டவற்றிற்கு அரிசோனாப் பல்கலைக்கழக நூலகம் பற்றிய 2000ஆம் ஆண்டுக் கட்டுரையும், பபலோப் பல்கலைக்கழக நூலகம் பற்றிய 2001ஆம் ஆண்டுக் கட்டுரையும் எடுத்துக்காட்டாம்.

சோதனையின் அமைப்பு மிக எளியது. மாணவர் ஒருவரைக் கணினியின்முன் அமர்த்துவர். இன்ன பொருள் பற்றி ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றைக் கண்டுபிடிக்க, இன்ன நூல் நூலகத்தில் உளதா எனக் காண்க, என்றாற்போலச் சில பணிகளை ஒவ்வொன்றாகத் தருவர். எண்ணுவதை எல்லாம் வாய்விட்டுக் கூறுமாறு வேண்டுவர். அருகிலிருப்பவர் குறித்துக்கொள்வார், உதவமாட்டார். தொடங்குமுன் மாணவரிடம் தவறாது கூறப்படும் செய்தி ஒன்றுண்டு: சோதிக்கப்படுவது இத்தளமே, நீரல்லீர் என்பது அது.

இவ்வொரு தொடரிலே நூற்றைம்பது ஆண்டு வரலாறு திரும்பி நிற்கின்றது எனலாம். பனிசியின் நூலகத்தில், படிப்போர் நூலின் பெயரையும் இருப்பிடக் குறியையும் தாமே பட்டியலினின்றும் பெயர்த்தெழுதித் தருதல் வேண்டும், எழுதியது பிழைப்பின் நூல் வாராது, குற்றம் எழுதியவரது. சோதனையறையிலோ மாணவர் தவறிய இடமெல்லாம் தளத்தின் குற்றமாக ஏட்டில் ஏறுகின்றது. பிழை யாருடையது என்னும் வினாவிற்கு விடை தலைகீழாயிற்று.

நூலகர்க்கு இச்சோதனை எளிதன்று. திகைப்பவர்க்கு உதவுதலே அவர்தம் வாழ்நாட் கடமை. தாம் பலநாள் உழைத்து அமைத்த பக்கத்தில், தேடும் பொருளுக்குரிய இணைப்பைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு மாணவர் அதனைத் தாண்டிச் செல்வதை நாவடக்கிக் காண்பது கடுந்தவமே. ஆயின் அத்தவத்தின் பயன் பெரிது. கூட்டங்களில் நாட்கணக்கில் வாதிட்டும் முடியாத வழக்கு, இரண்டு மூன்று மாணவர் ஒரே இடத்தில் இடறுவதைக் கண்ட அளவிலே முடிந்துவிடும்.

இத்துணை மாணவர் போதுமா என்னும் ஐயம் எழும். ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் கணக்கிட்டு, சோதனைக்கு வருவார் ஒவ்வொருவரும் சராசரியாகக் குறைகளில் 31 விழுக்காட்டை வெளிப்படுத்துவர் எனக் காட்டினர். அக்கணக்கின்படி ஐவர் ஏறத்தாழ 85 விழுக்காட்டை வெளிப்படுத்துவர் என நீல்சன் 2000இல் எழுதினார். இக்கொள்கை பெரிதும் பரவியது. ஆயின் லாரா பாக்னர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஐவர் கொண்ட குழுக்களுட் சில ஏறத்தாழ எல்லாக் குறைகளையும் கண்டன; சில 55 விழுக்காடே கண்டன. ஆகவே ஐவரைக்கொண்டு ஒருமுறை சோதித்து அமைதியடைதல் தகாது. சோதித்துத் திருத்தி மீண்டும் சோதித்தலே முறை.

4. சொல்லே தடையாதல்

இச்சோதனைகள் வெளிப்படுத்திய குறைகளுள் தலையாயது சொற்குறையாகும். பல நூலகங்களின் சோதனை முடிவுகளை ஜான் குப்பர்ஸ்மித் என்னும் நூலகர் ஒருங்கு தொகுத்தார். ‘கேட்டலாக்’, ‘டேட்டாபேஸ்’, ‘பீரியாடிக்கல்’, ‘ரெபரன்ஸ்’, ‘ரிசோர்ஸ்’, ‘இன்டர்லைப்ரரி லோன்’ ஆகிய சொற்கள் மாணவரால் மீண்டும் மீண்டும் பிறழவுணரப்பட்டமை அத்தொகுப்பால் விளங்குகின்றது. இவை யாவும் நூலகர் நாள்தோறும் வழங்கும் சொற்கள். ‘நூல்களைக் கண்டறிக’, ‘கட்டுரைகளைக் கண்டறிக’ எனப் பெயரையும் வினையையும் சேர்த்து எழுதியபோது மாணவர் எளிதில் உணர்ந்தனர்.

சொற்குறை வலைத்தளத்தின் வாயிலோடு நிற்பதன்று. பட்டியலின் உள்ளும் உறைவது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருட்டலைப்புப் பட்டியல் உலகெங்கும் பின்பற்றப்படுவது. அதில் சமையற் கலைக்குரிய சொல் நெடுங்காலம் ‘குக்கரி’ என்றே இருந்தது. மக்கள் ‘குக்கிங்’ என்றே வழங்கிய நிலையிலும் அத்தலைப்பு மாறியது 2010இல்தான்.

அற்றேல், மாணவரின் அறியாமைக்கு இசையப் பட்டியலின் நுட்பத்தைத் தாழ்த்துவதோ எனின், அன்று. நூற்பாவின் சொற்சுருக்கமும் திட்பமும் கெடாமல் காத்து, கற்பார்க்கு விளங்குமாறு உரை வகுத்தனர் நம் உரையாசிரியர்கள். நூற்பா அரிதாயிருப்பதற்காக அதனைச் சிதைத்தாரும் இலர். மாணாக்கனைப் பழித்து வாளா இருந்தாரும் இலர். அதுபோலப் பட்டியலின் உள்ளே பனிசி வேண்டிய திட்பம் இருத்தல் வேண்டும்; அதற்குச் செல்லும் வாயிலில் நாடுவோரின் சொல் இருத்தல் வேண்டும். இரண்டனையும் இணைப்பது உரைகாரன் பணி. அதுவே வலைத்தளம் அமைப்போர் பணியுமாம்.

5. தேடலைக் கடந்து வாழ்வைக் காணல்

சோதனையறையிற் காண்பது பணி கொடுத்துச் செய்வித்த தேடலை. இயல்பாக மாணவர் எங்ஙனம் தேடுகின்றனர்? 2005இல் ஓ.சி.எல்.சி. என்னும் நூலகக் கூட்டுறவு நிறுவனம் இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் வினவியபோது, செய்தி தேடுவதை இணையத் தேடுபொறியிலிருந்து தொடங்குவோர் 84 விழுக்காட்டினர். நூலக வலைத்தளத்திலிருந்து தொடங்குவோர் 1 விழுக்காட்டினரே. தளத்துக்குள் வந்தவர் இடறுவதை மட்டும் ஆராய்ந்தால், வாராதவரை அறிவது எங்ஙனம்?

இதற்கு விடைகாண முற்பட்டது ராச்செஸ்டர் பல்கலைக்கழக நூலகம். அங்கு மானிடவியல் அறிஞர் நான்சி பிரைடு பாஸ்டர் நூலகரோடு சேர்ந்து 2004 முதல் 2006 வரை ஆய்வு நிகழ்த்தினார். மாணவர் ஆய்வுக்கட்டுரை எழுதுங்கால் உண்மையில் யாது செய்கின்றனர் என்பதே வினா. மாணவர் கையில் ஒளிப்படக் கருவியைக் கொடுத்து, எடுக்கவேண்டிய காட்சிகளைக் குறித்துத் தந்தனர். நூலகத்தில் வழிதெரியாது திகைக்கும் இடத்தைப் படமெடுத்து வருக என்பது அவற்றுள் ஒன்று. பல்கலைக்கழக நிலப்படத்தைக் கொடுத்து, ஒருநாள் முழுதும் சென்ற வழியைக் குறிக்கச் செய்தனர். கட்டுரை எழுதிய கதையை முதலிலிருந்து சொல்லச் செய்தனர். மாணவர் நள்ளிரவிற் பயில்வதும், கட்டுரையைத் திருத்தப் பெற்றோரின் உதவியை நாடுவதும் அப்போதே நூலகர்க்குத் தெளிவாயின. இவ்வாய்வு 2007இல் நூலாக வெளிவந்தது.

இதே நூலகத்தைச் சேர்ந்த ரீபும் கிப்பன்சும் 2004இல் எழுதிய கட்டுரையொன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. நூலகர் துறைவாரியாக வழிகாட்டிகளைத் தொகுத்து வைத்திருந்தனர். மாணவர் அவற்றை மிகுதியாக நாடவில்லை. காரணம் யாது? இளநிலை மாணவர் தம்மை ஒரு துறைக்குரியவராக எண்ணுவதில்லை. தாம் பயிலும் பாடத்தையே எண்ணுகின்றனர். ஆதலின் பாடவாரியான பக்கங்களே தக்கவை என்பது அக்கட்டுரையின் கருத்து. துறை என்பது ஆசிரியரின் உலகம். பாடம் என்பது மாணவரின் உலகம். இவ்வேறுபாடு, காணாதார்க்குத் தோன்றாது.

பின்னர் 2008 முதல் 2010 வரை இல்லினாய் மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஐந்தில் இவ்வகை ஆய்வு நிகழ்ந்தது. இடர்ப்படும் மாணவர் நூலகரை அணுகிக் கேட்பது மிக அரிது என்பது அதனாற் புலனாகியது. இடர்ப்படுவோர் முறையிடுவர், முறையீடு இன்மையின் இடரும் இல்லை என்று எண்ணும் நிருவாகத்தினர் இதனை உளங்கொள்ளல் வேண்டும். இடறிய மாணவர் பெரும்பாலும் முறையிடுவதில்லை. தம்மையே நொந்துகொண்டு அகல்கின்றனர்.

6. தமிழ்நூல் நாடுவோர்

இனி இவ்வரலாறு நம்மைத் தொடும் இடத்துக்கு வருவோம். மேனாட்டுப் பெருநூலகங்கள் பலவற்றில் தமிழ்நூல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றின் பழைய பதிவுகள் பல உரோமன் எழுத்திற் பெயர்த்தெழுதப்பட்டவை. காங்கிரஸ் நூலகத்தின் பெயர்ப்பு முறை தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியை வரையறுப்பது. சகரம் சொல்லில் எங்கு நிற்பினும், எவ்வாறு ஒலிப்பினும் அதற்கு ஆங்கிலத்தின் ‘சி’ என்னும் மூன்றாம் எழுத்தே குறி. மூல எழுத்தை ஐயமின்றி மீட்டுப் பெறற்கு இது வாய்ப்பானது. நம் எழுத்திலக்கணத்துக்கும் பொருந்துவது. புலமை நோக்கில் இதனைக் குறைகூறற்கு இல்லை.

ஆயின் நாடுவோர் நிலை யாது? சங்கம் என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழர் ‘எஸ்’ இட்டே தொடங்குவர். இடையில் ‘என்’, ‘ஜி’ என இரண்டெழுத்தை இடுவர். பட்டியலோ ‘சி’ இட்டுத் தொடங்கி, இடையில் ‘என்’, ‘கே’ என இடும். பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் அவர்களின் பெயரும் அத்தகையதே. ‘எஸ்’ என்னும் எழுத்தின்கீழ்ச் சிலர் தேடுவர். ‘ஐயர்’ என்பதன்கீழ்ச் சிலர் தேடுவர். பட்டியலில் அவர் இருப்பது ‘சி’ என்னும் எழுத்தின்கீழ். அட்டைப் பட்டியலில் ‘இங்குக் காண்க’ எனச் சுட்டும் அட்டை உண்டு. திரையிற் சொற்களை இட்டுத் தேடுமிடத்து அச்சுட்டு எல்லாத் தளங்களிலும் துணைசெய்வதில்லை.

எம்மிடம் ஆய்வு மேற்கொண்ட மாணவி ஒருவர், சங்க இலக்கியப் பதிப்புகள் பற்றி அயல்நாட்டு நூலகம் ஒன்றன் தளத்தில் தேடிவிட்டு, அங்குத் தமிழ்நூல் இல்லை என எழுதிவந்தார். பெயர்ப்பு முறையைக் கூறி மீண்டும் தேடச் செய்தபோது நூல்கள் வரிசையாகத் தோன்றின. அவர் மகிழ்வார் என எண்ணினோம். அவரோ, “ஐயா, எனக்குத் தேடத் தெரியவில்லை, மன்னிக்க வேண்டும்” என்றார். தம் தாய்மொழி நூலைத் தம் தாய்மொழிச் சொல்லாலே தேடிய ஒருவர் எதற்காக மன்னிப்பு வேண்டுதல் வேண்டும்? இக்கட்டுரைக்கு அடிகோலியது அச்சொல்லே.

இதிலுள்ள இழப்பு ஒருவருடையதன்று. தேடியும் கிடைக்காத நூல் இல்லாத நூலாகக் கருதப்படும். இல்லை என ஆய்வேட்டில் எழுதப்படும். பின்வருவோர் அதனையே மேற்கோளாகக் கொள்வர். சுவடியிற் கரையான் அரித்தது ஒருவகை அழிவாயின், பட்டியலில் மறைந்து கிடத்தல் மற்றொருவகை அழிவாம். முன்னதற்கு அஞ்சியே ஏடுதேடி ஊரூராக அலைந்தனர் நம் முன்னோர். பின்னதற்கு நாம் அஞ்சுதல் வேண்டாவா?

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நூற்பட்டியலின் வரலாறு நாடுவோரைக் கருதி, பின் கேட்டு, பின் கண்டு வளர்ந்த வரலாறு என்பதும், அவ்வளர்ச்சியிற் பிழையின் சுமை நாடுவோர் தோளினின்றும் பட்டியல் அமைப்போர் தோளுக்கு மாறியது என்பதும், அதற்குரிய நெறியை 1931இலேயே அரங்கநாதன் சுட்டினார் என்பதும், தடைகளுட் பெரியது சொல்லே என்பதும் பெறப்பட்டன.

சொல் எமக்குரிய துறை. ஆகவே தமிழ்த்துறையார் இதில் வாளா இருத்தல் தகாது. தமிழ்நூல் வைத்துள்ள பல்கலைக்கழக நூலகம் ஒவ்வொன்றிலும் இச்சோதனையைத் தமிழ் மாணவரைக் கொண்டு நிகழ்த்துதல் வேண்டும். தமிழ் எழுத்தாலும், மக்கள் வழங்கும் ஆங்கில எழுத்தாலும், பெயர்ப்பு முறையாலும் ஒரே நூலைத் தேடச் செய்து, எது கிட்டுகின்றது, எது கிட்டவில்லை எனக் குறித்துக்கொள்ளல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு கணினி, மாணவர் ஐவர், உதவத் துடிக்கும் நாவை அடக்கி அருகில் அமரும் ஆசிரியர் ஒருவர், இவை போதும். திருத்தியபின் மீண்டும் ஐவரை அழைக்க வேண்டும்.

தொடங்குமுன் அம்மாணவரிடம் சொல்லவேண்டியதை மறவாது சொல்லுக: சோதிக்கப்படுவது நூலகமே, நீரல்லீர்.